குதிரை குறைந்த வண்டி

இன்று காலை புளியறை தாண்டி மலை ஏறும்போது முன்னால் போன லாரியிலிருந்து கிளட்ச் கருகும் வாடை வந்தது. என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை ஏற்றச் சொன்னார். நான் ஏற்றவில்லை. அந்த வாடையில் நீ இருந்தாய். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இதே ஏற்றத்தில் உன் வீட்டு வெள்ளைக் கார் நின்றுபோய், பின்னால் லாரிகள் வரிசையாக ஹார்ன் அடிக்க, நீ கிளட்சைப் பாதி மிதித்தும் மிதிக்காமலும் இதே வாடையைக் கிளப்பினாய். வண்டியை விட்டுவிட்டு இறங்கி ஓடிவிடலாம் என்று நான் சொன்னேன். "எங்கன ஓட? கேரளாவுக்கா?" என்று கேட்டுவிட்டு நீ மறுபடியும் சாவியைத் திருகினாய்.

உனக்கு எழுத ஒரு சாக்கு கிடைக்காமல் இரண்டு வருடமாகக் காத்திருந்தேன். இப்போது கிடைத்திருக்கிறது. வண்டி மாற்றிவிட்டேன். சும்மா மாற்றவில்லை, வீட்டில் சண்டை போட்டு மாற்றியிருக்கிறேன். எடுத்தது பெரிய கம்பெனியின் சொகுசு வண்டிதான். காரை விடக் கொஞ்சம் உயரம், ஜீப்பை விடக் கொஞ்சம் தாழ்வு. ஆனால் அதே வண்டியில் இரண்டு எஞ்சின் விற்கிறார்கள், நான் சின்ன எஞ்சினை எடுத்தேன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் வெங்காயக் கமிஷன் கடை வைத்திருக்கிறவர்கள் வீட்டில் இது எப்படிப்பட்ட கேவலம் என்று உனக்குத் தெரியும். அங்கே எந்த வண்டி வந்து நின்றாலும் முதல் கேள்வி, எவ்வளவு இழுக்கும் என்பதுதான். லோடு ஏற்றுகிற டெம்போவிடம் கேட்க வேண்டிய கேள்வியை இவர்கள் கல்யாணத்துக்குப் போகிற காரிடமும் கேட்பார்கள்.

நமக்கு மட்டும் இந்தப் புத்தி ஏன் வரவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். தென்காசியில் நாம் சேர்ந்த டிரைவிங் ஸ்கூல்தான் காரணம். அந்தக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் பெடல்கள் இருந்தன. ஆண்கள் ஓட்டினால் அவர் காலை மடக்கிக்கொண்டு பேப்பர் படிப்பார். நீயோ நானோ உட்கார்ந்தால் அவருடைய இரண்டு காலும் பெடலுக்குப் போய்விடும். "நீங்க ஸ்டியரிங்க மட்டும் பிடிங்கம்மா, மத்தத நான் பாத்துக்கிடுதேன்." ஒரு மாதம் முழுக்க அவர் ஓட்டினார், நாம் திருப்பினோம். பிரேக் எங்கே இருக்கிறது என்பதே நமக்குப் பிறகுதான் நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் காலுக்கு வேலை இல்லாமல் போனதால் கைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சக்கரம் எங்கே நிற்கிறது, ரோட்டில் மணல் கிடக்கிறதா, தார் உருகியிருக்கிறதா என்று உள்ளங்கையிலேயே கண்டுபிடிக்கப் பழகினோம். அந்த மனிதர் நமக்குச் செய்த அவமரியாதைக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

உன் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து லீவில் வந்தபோது வாங்கிப் போட்டுவிட்டுப் போன கார் அது. "சும்மா கெடந்தா பேட்டரி எறங்கிரும் மாமி, சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாரேன்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு நீ கிளம்புவாய். பர்தாவின் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் ஹார்ன் அடிப்பாய். மற்றவர்கள் சாரல் விழுந்தால் குற்றாலத்துக்கு அருவியில் நனையப் போவார்கள். நாம் ஐந்தருவி போகிற கூட்டத்தை ஒதுக்கிவிட்டுச் செங்கோட்டை வழியாகப் புளியறை எஸ் வளைவுக்குப் போவோம். ஏறுவோம், இறங்குவோம், மறுபடியும் ஏறுவோம். செக்போஸ்ட் பக்கத்துக் கடையில் டீயும் பழம்பொரியும் வாங்கி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். பேட்டரிக்காகப் பத்து வருடம் அப்படிப் போனோம். மாமி ஒருநாள் கேட்டாள், இவ்வளவு கெட்டியான பேட்டரியை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று.

அந்த வெள்ளைக் காருக்கு வேகமே கிடையாது. சைக்கிள்காரன்கூட நம்மைத் திரும்பிப் பார்ப்பான். ஆனால் வளைவில் அது சொன்ன பேச்சைக் கேட்கும். "ரோடு வந்து கையில உக்காரணும்ட்டி. அது வராத வண்டிய ஓட்டுததுக்கு பஸ்ல போலாம்" என்று நீ சொல்வாய். நீ சொன்னதிலெல்லாம் எனக்கு வேதம் மாதிரி மனசில் நின்றது இது ஒன்றுதான். மற்றதில் பாதி பொய்.

இனி எழுதப்போவது எனக்குப் பிடிக்காத பகுதி. எழுதாமல் விட்டால் நீயே கேட்பாய்.

ஏழு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு அந்தக் கறுப்பு வண்டி வந்தது. உயரமான வண்டி, பெரிய டீசல் எஞ்சின். மார்க்கெட்டில் நாலு பேர் எடுத்துவிட்டார்கள் என்று இவரும் எடுத்தார். எனக்குப் பிடித்திருக்கிறதா என்று இவர் கேட்கத்தான் செய்தார். ஓட்டிப் பார்க்காமலே "உங்களுக்குப் பிடிச்சா சரி" என்று சொன்னேன். மூன்று வார்த்தை. வீட்டில் அமைதி இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த வண்டியில்தான் பிறகு உன்னை ஏற்றிக்கொண்டு போனேன்.

உனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வாரம் ஒருமுறை திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உன் வீட்டுக்காரர் ஊரோடு வந்துவிட்டார், ஆனால் அங்கே ரோட்டின் வலதுபக்கம் ஓட்டியே பழகிய மனிதர், இங்கே பஸ்ஸைப் பார்த்தாலே ஒதுங்கி நின்றார். அதனால் நான் ஓட்டினேன். நாலு வழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. நூறு அடிக்கு ஒரு திருப்பம், மண்மேடு, ரோட்டைக் குறுக்கே வெட்டிப்போட்ட கட்டிங். லேசாகக் காலை வைத்தால் அந்த வண்டி பாயும். காலை எடுத்தால் முக்கும். திருப்பினால் மேல்பாதி ஒருபக்கம் சாய்ந்துவிட்டுத் தாமதமாக நிமிரும். ஒவ்வொரு சாய்வுக்கும் நீ தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டாய். ஆலங்குளம் வருவதற்குள் உன் உதட்டில் பல் பதிந்திருந்தது.

"ஏட்டி, மெதுவாப் போ."

"மெதுவாத்தான் போறேன்."

"நீ மெதுவாத்தான் போற. வண்டி போகமாட்டேங்கு."

பிறகு நிறுத்தச் சொன்னாய். பின்சீட்டிலிருந்து இறங்கி மெல்ல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே உன் வலது கையை நீட்டி ஸ்டியரிங்கின் கீழ்ப்பக்கம் வைத்தாய். ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு வளைவு போயிற்று. கையை எடுத்துக்கொண்டாய். "ஒண்ணுமே தெரியலட்டி. ஊமையா இருக்கு" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

பதினோரு வாரம் அந்த ஊமை வண்டியில் உன்னைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். கடைசியில் உன்னைத் தோளில் தூக்கிப் போனார்கள். பெண்கள் கூடப் போகக் கூடாதாம், வாசலில் நின்று பார்த்தேன். சந்தூக்குப் பெட்டி கொஞ்சமும் குலுங்காமல் தெருமுனை திரும்பியது. அதைப் பார்த்து எனக்கு நிம்மதியும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

போன மாதம் கறுப்பு வண்டியைக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம் என்று இவர் பேச்செடுத்தார். இந்தமுறை நான் வாய் திறந்தேன். இரண்டு எஞ்சின் வண்டியையும் தென்காசிக்கே கொண்டுவர ஷோரூமில் சொன்னேன். கொண்டுவந்த பையன் நல்ல பையன்தான், ஆனால் பேச்செல்லாம் இவரோடு. "சார், இது இருநூத்தம்பது ஹார்ஸ் பவர் சார். ஓவர்டேக் பண்ணும்போது தெரியும் சார்." என் பக்கம் திரும்பி, வெயில் மறைப்பை இறக்கி, "மேடம், இங்க பாருங்க, கண்ணாடி தெறந்தா லைட் எரியும்" என்றான்.

"தம்பி, நான் பொட்டு வைக்க ஏறல. சாவியக் குடுங்க."

நாலு வழிச் சாலையில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் போதும் என்றான். நேர் ரோடு, புது ரோடு. ஆக்சிலேட்டரை மிதித்தேன். தலை சீட்டில் போய் இடித்தது. இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் வண்டியைத் திருப்பிப் புளியறை ரோட்டில் விட்டேன். பையன் பதறினான்.

"மேடம், அங்கல்லாம் பர்மிஷன் இல்ல மேடம்."

"அப்பம் உங்க மேனேஜர்ட்ட கேளுங்க. இருபது வருசமா உள்ளி பாத்து எடுக்குதேன். மூட்டைக்கு மேல கெடக்கிறது எப்பவும் நல்ல உள்ளிதான். அடியில கைய விட்டுத்தான் நான் எடுப்பேன். இந்த நேர் ரோடு மேல் உள்ளி."

மேனேஜர் சரி என்றுவிட்டார். பின்சீட்டில் பாரம் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். மூட்டைக்கு எங்கே போக, இவரைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டேன். எழுபத்தெட்டு கிலோ, அளவு சரியாக இருந்தது. பெரிய எஞ்சினில் ஒருமுறை எஸ் வளைவு ஏறி இறங்கினேன், சின்ன எஞ்சினில் ஒருமுறை. பெரியது ஒவ்வொரு திருப்பத்திலும் முன்பக்கம் கனத்து வெளியே தள்ளியது. பாதிக் குதிரைக்கு மேல் நான் பிரேக்கில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. சின்னது மூக்கு லேசு. திருப்பியதும் திரும்பியது. வளைவு இறுக இறுக ஸ்டியரிங்கும் கையில் இறுகியது. மூன்றாவது திருப்பத்தில் சாரலுக்கு அடித்து வந்த சரளை கிடந்ததைக் கண் பார்ப்பதற்கு முன் என் உள்ளங்கை பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பையன் பயந்துபோய், "மேடம், ஏசி கூட்டவா?" என்றான்.

பெரிய வண்டியிலிருந்து இறங்கியபோது ஓரமாகப் போய்க் குனிந்து நின்ற இவர், சின்ன வண்டியிலிருந்து இறங்கியதும் டீ கேட்டார். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏளா, வயித்தப் பாத்தா வண்டி வாங்குவாங்க? மார்க்கெட்ல கேட்டா நான் என்ன சொல்லட்டும்? வேணும்னா ஒரு டிரைவர் போட்டுக்கிடலாம்."

"டிரைவர் போட்டா அந்த வண்டி உங்களுக்கு. நான் பஸ்ல போயிக்கிடுதேன்."

"ஒரு வண்டிக்கு இவ்ளோ வீம்பா?"

"திருநெவேலிக்கு அவள நான்தான் கூட்டிட்டுப் போனேன். பதினோரு வாரம். அவ உதட்டுல ரத்தம் வந்தத நீங்க பாக்கல. நான் சரின்னு சொன்ன வண்டி அது. இனிமே எதுக்கும் அப்படி சரின்னு சொல்லமாட்டேன்."

மூன்றாம் நாள் காப்பியைக் குடித்துக்கொண்டே, "அந்தச் சின்ன எஞ்சினு என்ன கலர்லலாம் வருதாம்?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் மறுபடியும் ஆரம்பித்துவிடுவார்.

வண்டியை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோன அன்று பக்கத்துக் கடை அண்ணாச்சி சுற்றி வந்து பார்த்தார். டயரைத் தட்டினார். கேட்க வேண்டியதைக் கேட்டார். "எத்தன குதிரை?"

இவர் பார்வையை எங்கோ வைத்துக்கொண்டு, "அத ஓட்டுதவகிட்ட கேளுங்க அண்ணாச்சி" என்றார்.

நூற்று அறுபது என்று நாலு கடைக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். இவ்வளவுதானா என்றார். இவ்வளவுதான், இதையே முழுசாக ஓட்ட இங்கன ரோடு இல்லை அண்ணாச்சி என்றேன். அவர் இன்னொரு தடவை டயரைத் தட்டிவிட்டுப் போனார். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. கேட்கட்டும். அவர்கள் யாரும் தையல் போட்ட வயிற்றோடு தங்கள் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் இல்லை.

இன்றைக்குப் புனலூரில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு மதியம் திரும்பினோம். ஆரியங்காவு தாண்டி இறக்கம் ஆரம்பித்தபோது இவர் பேச்சு நின்றுவிட்டது. மலை ரோட்டில் இவர் எப்போதும் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையும் மடியில் கிடக்க, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எஸ் வளைவின் எல்லாத் திருப்பமும் போயிற்று. இவர் தலை ஒருபக்கமும் சாயவில்லை. கீழே செக்போஸ்டில் வண்டியை நிறுத்தியபோதுதான் விழித்து, "வந்துட்டா?" என்று கேட்டார்.

இப்படி நீ தூங்கியிருக்க வேண்டும். பதினோரு வாரமும், போகும்போதும் வரும்போதும், ஆஸ்பத்திரி வாசல் வரை. நான் அன்றைக்கு வாய் திறந்திருந்தால் தூங்கியிருப்பாய். அதை மன்னிக்கச் சொல்லி உன்னிடம் கேட்கவில்லை. என்னையும் நான் மன்னிப்பதாக இல்லை. ஆனால் இனி என் வண்டியில் ஏறுகிற ஒருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டார்கள். அதற்கு யாரோடு சண்டை போட வேண்டும் என்றாலும் போடுவேன்.