நாலு மூடி மருந்து

செவ்வாய், இரவு

இந்த டைரியை யார் எடுத்தாலும் அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

மரவள்ளியில் மாவுப்பூச்சி. புதிதாக வாங்கிய நானோ மருந்தை அப்பா மோந்து பார்த்தார். “வாசத்தையே காணம். டேங்குக்கு நாலு மூடி ஊத்து சாமி” என்றார். நுண்ணிய துகள்களே மருந்தை இலைக்குள் கொண்டுபோகும், அரை மூடி போதும் என்று லேபிளில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். “லேபிளு எழுதறவன் காட்டுப்பக்கம் வந்திருப்பானா?” என்று சிரித்தார்.

அரை மூடிதான் ஊற்றினேன். “நாலும் ஊத்தீட்டனுங்கப்பா” என்று பொய் சொன்னேன்.

மருந்தடித்த நாளெல்லாம் அப்பா கண் எரிந்து, சோறு இறங்காமல் படுத்துவிடுவார். இன்று காடு முழுக்க மருந்தடித்துவிட்டு வந்தும், என் தட்டிலிருந்த முட்டையையும் பிடுங்கித் தின்றார். பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் பூச்சி சாகாவிட்டால் பயிரே போய்விடும், அதுவும் என்னால்.

கதவைத் தட்டுகிறார். “சாமி, பாட்டில் அப்படியே நெறஞ்சு கெடக்குதே…”