பச்சைப் புள்ளி

பிப்ரவரி 8, ஞாயிறு

தேனீ வளர்ப்புச் சங்கத்தின் பூக்காலக் கூட்டம். வரவேற்புரை என்னுடையது. கடையில் சாவி ராவும்போதெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். மேடை ஏறுவதற்கு முன் என் தேனீப் பெட்டியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனது என் புத்தி. முகவலையைக் கழுத்தோடு இறுக்கிக் கட்டிய எனக்கு, உள்ளே ஏற்கெனவே ஒரு தேனீ குடியிருப்பது தெரியவில்லை. மேலுதட்டில் ஒரே போடு. மைக்கைப் பிடித்தபோது உதடு மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. “பெருமதிப்பிற்குரிய” என்று தொடங்கினால் வெறும் ஊதல்தான் வருகிறது. முன்வரிசையில் இருந்த பல் டாக்டர், பல் ஆடினால் வரச் சொன்னார். உதடு தன் கணக்கில் வராதாம்.

மகள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மருந்துக் கடை வேலையை விட்டபிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. இதற்காகக் கீழுதட்டையும் கொடுக்கலாம்.

ஒரு பெரியவருக்கு வேறொருவருடைய மாத்திரையைக் கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான் நடந்தது. தெருமுனை வரை ஓடிப்போய்த் திருப்பி வாங்கியும் வந்துவிட்டாள். முதலாளி திட்டக்கூட இல்லை. அவளே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போவாள், திரும்பி வந்து பார்ப்பாள், மறுபடியும் வருவாள். சங்கத்தில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தது நான்தான். கைக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்று.

பிப்ரவரி 15

அவள் பெட்டி செழிப்பு. என் பெட்டி பஞ்சப்பாட்டு. பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பதால் வருகிறவர்களுக்கு ஒப்பிட வசதி.

ராணித் தேனீயின் முதுகில் வெள்ளைப் புள்ளி வைப்பது சங்க வழக்கம். கூட்டத்தில் சட்டென்று கண்ணில் பட வேண்டுமே. சங்கத்துப் பேனா காய்ந்துவிட்டது. மகள் கைப்பையிலிருந்து நகப்பூச்சு எடுத்தாள். கிளிப்பச்சை! தீக்குச்சி முனையில் தொட்டு, ராணியை இரண்டு விரலால் பூ மாதிரிப் பிடித்து, வைத்தே விட்டாள். கை நடுங்கவில்லை.

செயலாளர் அம்மா – பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவர், இப்போதும் கழுத்தில் விசில் – பச்சையைப் பார்த்துவிட்டு, “ராணி கல்யாணத்துக்குக் கிளம்பிட்டாளா?” என்றார். ஆனால் அந்தக் கையை எல்லாரிடமும் காட்டிப் பேசினார். வீட்டுக்கு வரும் வழியில் மகள் தன் விரல்களைத் தானே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 1

என் பெட்டியில் ராணி இல்லை. செத்தாளா, என்னைப் பார்த்து ஓடிப்போனாளா தெரியாது. முட்டையும் இல்லை. செயலாளர் அம்மா சொன்ன வழி: நல்ல பெட்டியிலிருந்து முட்டை உள்ள தேனடை ஒன்றை அதன் மரச்சட்டத்தோடு எடுத்து என் பெட்டியில் வைத்தால், என் ஈக்களே அதிலிருந்து புது ராணியை வளர்த்துக்கொள்ளும். எடுக்கும் முன் அந்தப் பெட்டியின் ராணி எங்கே இருக்கிறாள் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். பெட்டிக்காரரிடமும் சொல்ல வேண்டும். இரண்டையும் இரண்டு முறை சொன்னார், என் முகத்தைப் பார்த்தே.

மார்ச் 4

மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தனியாகப் போனேன். மகள் பெட்டியிலிருந்து ஒரு சட்டம் எடுத்து என் பெட்டியில் வைத்தாயிற்று. சொந்த மகளிடம் அனுமதி என்ன? ஞாயிற்றுக்கிழமை ஆச்சரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

முகவலைக்குள் மூக்குக்கண்ணாடி நிற்க மாட்டேன் என்கிறது. வழுக்கி வாய்க்கு வந்துவிடுகிறது. கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டேன். சட்டத்தின்மேல் ராணி இல்லை. அதாவது, பார்த்தவரைக்கும் இல்லை.

மார்ச் 8

ஆச்சரியத்தைச் சொல்லவில்லை. சொல்லாமல் எடுத்ததற்குச் செயலாளர் அம்மா விசில் ஊதுவார். வேலை முடிந்து என் பெட்டி தேறட்டும், அப்புறம் சொல்லலாம்.

மார்ச் 14

மகள் தன் பெட்டியைத் திறந்தாள். அடை ஓரத்தில் ராணி அறைகள் தொங்கின. நிலக்கடலை மாதிரி இருக்கும், புது ராணி உள்ளே வளர்வாள். ராணி இருக்கும்போதே இப்படிக் கட்டினால், பழைய ராணி பாதிக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு பறந்துவிடப் போகிறாள் என்று அர்த்தம். அறைகளை அறுத்து எறிய வேண்டும். ராணி இல்லாமல் கட்டினால், தொடவே கூடாது. அதுதான் அந்தக் கூட்டத்துக்கு மிச்சம் இருக்கும் உயிர்.

அவள் ராணியைத் தேடினாள். கண்ணில் படவில்லை. ஆனால் போன தடவை திறந்தபோது பார்த்தேனே, ஒளிந்திருப்பாள் என்று சொல்லி, ஒன்று விடாமல் அறுத்தாள். அவ்வளவு சுத்தமாக அறுத்தாள். நானும் பக்கத்தில் நின்று, ஈக்கள் சீறாமல் இருக்கப் புகை போட்டுக்கொண்டு, “கை சுத்தம்னா இதுதாம்மா” என்றேன்.

மார்ச் 15

காலையில் எல்லாருக்கும் முன்னால் போனேன். பழைய பைஜாமாவிலிருந்து இடுப்பு எலாஸ்டிக்கை உருவி மூக்குக்கண்ணாடியில் கட்டி, தலையைச் சுற்றி மாட்டியிருந்தேன். பார்க்கக் கோமாளிதான். ஆனால் கண்ணாடி அசையவில்லை.

என் பெட்டியைத் திறந்தேன். முட்டைகள். அறைக்கு ஒன்றாக, ஊசி முனை அளவில், நேர்நேராக. இவ்வளவு சீக்கிரமா என்று சந்தோஷமாகச் சட்டத்தைத் திருப்பினால் –

பச்சைப் புள்ளி.

கிளிப்பச்சை. உலகத்தில் ஒரே ராணிக்குத்தான் அந்தப் பொட்டு. என் அடையில் நிதானமாக நடந்துகொண்டிருக்கிறாள்.

சட்டத்தை வைத்து மூடிவிட்டேன். ஏன்டா மூடினே? இன்னைக்கே எடுத்து அவ பெட்டியில விட்டிருந்தா தீந்தது கதை. நேத்து அறுத்ததும் ஒண்ணும் ஆகியிருக்காது. தெரியும். நல்லாவே தெரியும். எலாஸ்டிக்கை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பிறகு எல்லாரும் வந்தார்கள். பெட்டி எப்படி என்று கேட்டார்கள். பரவாயில்லை என்றேன்.

மகள் வீட்டில் சொன்னாள்: மருந்துக் கடை முதலாளியிடம் பேசிவிட்டாளாம். அடுத்த மாதத்திலிருந்து வரச் சொல்லியிருக்கிறாராம். இந்த முகத்திடம் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 17

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 22

மழை. கூட்டம் இல்லை. மழைக்கு நன்றி சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்வதானால், பயம் பாதிதான். மீதி வேறு. முதன்முதலாக என் பெட்டி நிறைந்திருக்கிறது. வாசலில் நின்றால் கால் நிறைய மகரந்தத்தோடு ஈக்கள் இறங்குகின்றன. பல் டாக்டர் வந்து பொறாமையாகப் பார்த்துவிட்டுப் போனார். பள்ளியில் இரண்டு தடவை தோற்றவன் நான். யாரும் என்னைப் பொறாமையாகப் பார்த்ததே கிடையாது.

ஏப்ரல் 5

முடிந்துவிட்டது.

மகள் பெட்டியை எல்லாருமாகத் திறந்தார்கள். ஒரே அறையில் நாலைந்து முட்டைகள், தாறுமாறாக. ராணி இல்லாமல் ரொம்ப நாள் இருந்தால் வேலைக்கார ஈக்களே முட்டை போட ஆரம்பிக்கும். அதிலிருந்து ஆண் ஈக்கள்தான் வரும், வேலைக்கு ஆகாது. இனி ராணியைக் கொடுத்தாலும் கொன்றுவிடும் என்றார் செயலாளர் அம்மா. விசிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, மெதுவாகத்தான் கேட்டார்.

“ராணியைப் பாக்காமலா அறையெல்லாம் அறுத்தே?”

“ஆமா டீச்சர்,” என்றாள் மகள். “நான்தான் அறுத்தேன்.”

என் கையில் புகைப்பான் இருந்தது. ஊதிக்கொண்டே இருந்தேன். புகை போதும் என்று யாரோ சொன்னார்கள்.

ஏப்ரல் 6

மருந்துக் கடைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அவள் அம்மா ஏன் என்று கேட்டதற்கு, “பாக்காம செய்யற கைம்மா இது. மாத்திரை விஷயத்துல அது கூடாது,” என்றாள். அழக்கூட இல்லை. அடுப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்துவிட்டாள்.

பாக்காம செஞ்சது யாரு? நான் எங்கே இருந்தேன்? அதே அறையில், சோற்றைப் பிசைந்துகொண்டு.

ஏப்ரல் 12

மிச்சம் இருந்த ஈக்களைப் புல்லில் உதறிவிட்டு, காலிப் பெட்டியை அகற்றினார்கள். போக இடமில்லாத ஈக்கள் கொஞ்ச நேரம் வெறும் பலகைமேல் சுற்றின. பிறகு பக்கத்திலிருந்த என் பெட்டி வாசலில் வரிசையாக ஏறி உள்ளே போய்விட்டன. உங்கள் பெட்டிக்கு யோகம் என்றார் பல் டாக்டர். அதுங்க அம்மாகிட்டதான் போகுதுங்க சார் என்று தொண்டை வரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

மே 24

தேன் எடுத்தோம். சங்கத்திலேயே என் பெட்டிதான் அதிகம். நல்லவேளை, மேல் அடுக்கை மட்டும்தான் திறப்பார்கள். ராணி கீழ் அடுக்கில். இருந்தாலும் மகள் பக்கத்தில் வரும்போதெல்லாம் நான் பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் நின்றேன். ஏதோ கோல் கீப்பர் மாதிரி.

அந்த எலாஸ்டிக்கை நான் மறுபடி மாட்டவில்லை. கண்ணாடியில் ஆவி படிகிறது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். தடவித் தடவித்தான் வேலை. குருட்டு யோகம் என்று செயலாளர் அம்மா கேலி செய்தார். ஏற்புரை பேசச் சொன்னார்கள். உதடு நன்றாகத்தான் இருந்தது, பேச்சு வரவில்லை.

வீட்டில் என் மனைவி தேனை நக்கிப் பார்த்து, “பரவாயில்லையே, உங்களுக்கும் ஒண்ணு உருப்பட்டிருக்கு,” என்றாள். எனக்கு ஒரு சொட்டும் இறங்கவில்லை. சர்க்கரை நோய் இருக்குமோ என்று சந்தேகம் என்று சொல்லித் தப்பித்தேன். இப்போது ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்கிறாள்.

ஆகஸ்ட் 30

பூ இல்லாத காலம். ஈக்களுக்குச் சர்க்கரைப் பாகு. மகள் சங்கத்துக்கு வருகிறாள், ஆனால் பெட்டி எதையும் திறப்பதில்லை. பாகு காய்ச்சுகிறாள், சட்டம் கழுவுகிறாள், எல்லாருக்கும் டீ போடுகிறாள். கழுவின சட்டத்தைத் திரும்பக் கழுவுகிறாள்.

டிசம்பர் 20

குளிர். பெட்டியைத் திறக்கக் கூடாத மாதங்கள். குற்றவாளிக்கு விடுமுறை.

பிப்ரவரி 7

வருடத்தின் முதல் திறப்பு. என் கூட்டம் பெருத்துவிட்டதால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியை மகளுக்குக் கொடுக்கலாம் என்று செயலாளர் அம்மாதான் சொன்னார். பிரிப்பதற்கு முதலில் ராணியைக் கண்டுபிடிக்க வேண்டும். என்னால் முடியாது என்று எல்லாருக்கும் தெரியும்.

“நீ வந்து பாரும்மா,” என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. வேண்டுமென்றே சொன்னேனோ என்னவோ. ஒரு வருடமாக நடுவில் நின்றவன், நகர்ந்துகொண்டேன்.

வர மாட்டேன் என்றாள். பிறகு வந்தாள். சட்டம் சட்டமாக எடுத்தாள். ஒன்றில் நின்றுவிட்டாள். புள்ளி பாதி தேய்ந்திருந்தது. பாதி போதும்.

“அப்பா. இது என் ராணி.”

சொன்னேன். மதியம் தனியாக வந்தது, கேட்காமல் எடுத்தது, மூக்குக்கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது – அதுவரைக்கும். எல்லாரும் கேட்க. செயலாளர் அம்மாவின் விசில் வாய்வரை போய் இறங்கியது. மகள் செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன்.

“அப்ப நான் அறுக்கும்போது அவ உள்ள இல்லவே இல்ல.”

“இல்லம்மா.”

“யாரு தேடியிருந்தாலும் கிடைச்சிருக்க மாட்டா.”

“மாட்டா.”

ரொம்ப நேரம் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள், அந்த உதடு வீங்கின நாள் மாதிரி. “சாவிக்கடை வச்சிருக்கீங்க, கண்ணாடியப் பையில வச்சுட்டு ஊரான் பெட்டியத் திறக்கறீங்க.” ராணி இருந்த பாதியை அவளே எடுத்துக்கொண்டாள். எனக்கு ராணி இல்லாத பாதி. நியாயம்தான்.

மார்ச் 1

மகள் இன்றைக்கு மருந்துக் கடைக்குப் போனாள். வெள்ளைக் கோட்டை அவள் அம்மா தேய்த்து வைத்திருந்தாள். அடுப்பை ஒரே தடவை பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள். நான் அவள் செருப்பின் வாரைச் சரிசெய்து கொடுத்தேன்.

காலை நீட்டிக்கொண்டே கேட்டாள், “ஆமா, நீங்க முதல்ல எப்பப்பா அந்தப் பச்சையப் பாத்தீங்க?”

வாரின் கொக்கி சிக்கிக்கொண்டது. குனிந்தே இருந்தேன்.

“நான் காட்டினப்பறம்தான் இருக்கும்,” என்று அவளே சொல்லிக்கொண்டாள். “கண்ணாடி இல்லாம நீங்க எதைப் பாக்கறது.” என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள். பஸ் நிறுத்தம் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

நீ அறுத்த மறுநாள் காலை கண்ணாடி போட்டிருந்தேனம்மா. எலாஸ்டிக் கட்டி.