பின் சீட்டின் இடதுபுறம்

2.6.2024, ஞாயிறு

ஆலயம் முடிந்து வந்து பேசினோம். இருந்தவர்கள்: நான், சாமின் அப்பா, மகன் சாம்சுந்தர், மருமகள் ஜாஸ்பின். வேறு யாரும் இல்லை.

காரைக் கொடுத்துவிடுவது என்று முடிவு. சாமின் அப்பாவுக்கு வலது கண்ணில் ஓரம் தெரியவில்லை. இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. பதினைந்து வருஷம் முடிவதால் அக்டோபரில் ஆர்.சி. வேறு புதுப்பிக்க வேண்டும். நோட்டைப் பார்த்துச் சொன்னேன்: போன வருஷம் ஓடியது 640 கிலோமீட்டர். டயர், பேட்டரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் கிலோமீட்டருக்கு முப்பத்தொரு ரூபாய்.

"ஆட்டோவுல ராஜா மாதிரி போயிட்டு வரலாம்லப்பா" என்றான் சாம்.

"இந்த ஊரு ஆட்டோக்காரனுக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுலே. நானாவது ஒண்ணு."

பிறகு சரி என்றார்.

வருஷா வருஷம் இந்தக் காரைத் தேடி வருகிற சொர்ணலட்சுமியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான்கு பேருக்கும் நினைப்பு இருந்தது.

5.6.2024

ஜெபத்தில் உட்கார்ந்தேன். வார்த்தை வரவில்லை. எழுந்து உளுந்து ஊறப்போட்டேன்.

9.6.2024, ஞாயிறு

அன்றைய தினத்தை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. கணக்கு நோட்டில் 'சீட் கவர்' என்று மட்டும் இருக்கிறது. வண்டி போகுமுன் எழுதிவிடுகிறேன்.

2016 ஆகஸ்ட் 19, வெள்ளி. சாம் கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு சிவகாசியிலிருந்து நாங்கள் இருவரும் வந்துகொண்டிருந்தோம். வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் விபத்து. புகை. ரோட்டில் நின்றவர்கள் வண்டியை மறித்தார்கள். ஆம்புலன்ஸ் ஏற்கெனவே நிறைந்து போய்விட்டது. ஈரச்சாக்கு சுற்றிய ஒருவரைப் பின் சீட்டில் இடதுபக்கம் ஏற்றினார்கள். நான் முன்னாலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வாக்கிலேயே என் தோளில் சாய்ந்திருந்தார். பேசவில்லை. ஆமத்தூர் தாண்டும்போது தோளில் கனம் மாறியது. எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் இவர் வண்டியை நிறுத்திவிடுவார். அதனால் சொல்லவில்லை. விருதுநகர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் "சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்க" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அவர் பெயர் முனியராஜ் என்று மறுநாள் பேப்பரில்தான் தெரிந்தது.

அழுதேனா? ஞாபகம் இல்லை. கல்யாண வேலை இருந்தது.

10.6.2024

மிச்சத்தையும் எழுதிவிட வேண்டும். அடுத்த வருஷம் அதே தேதிக்கு ஒரு பெண் வந்து கேட்டில் நின்றாள். முனியராஜின் மனைவி, சொர்ணலட்சுமி; ஆஸ்பத்திரியில் நாங்கள் எழுதிக் கொடுத்த விலாசத்தைக் கேட்டு வந்திருந்தாள். காலண்டர் கம்பெனியில் தாள்களின் மேல் ஓரத்துக்குத் தகரம் அடிக்கிற வேலை. "அந்த வண்டி இருக்கா அக்கா?" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கார் கதவைத் திறந்தாள். சீட்டில் ஒரு முழம் பூ வைத்தாள். கீழே ஒரு செங்கல் வைத்துச் சூடம் கொளுத்தினாள். காற்றில் அணையாமல் சாமின் அப்பா குடையை விரித்துப் பிடித்தார். சபைக்காரர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சோறு போட்டு அனுப்பினேன். அதிலிருந்து வருஷா வருஷம். ஏழு தடவை ஆயிற்று.

அந்த இடத்தில் நாங்கள் யாரையும் உட்கார வைப்பதில்லை. காய்கறிப் பையைக்கூட வைப்பதில்லை.

இதைச் சாம் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. மூன்று வருஷம் முன்னாலேயே விற்கலாம் என்றவன் அவன்தான். "அப்ப அந்தப் பிள்ள எங்க போயி நிக்கும்?" என்று இவர் கேட்ட பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

14.7.2024, ஞாயிறு

புரோக்கர் கண்ணுச்சாமி அருப்புக்கோட்டைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். ராஜபாண்டியன் என்று பெயர், மருந்துக்கடை வைத்திருக்கிறார். மகளுக்கு ஓட்டிப் பழக ஒரு வண்டி வேண்டுமாம். நாற்பத்தெட்டாயிரத்துக்குப் பேசி முடிந்தது. முன்பணத்தை எண்ணுவதற்கு அவர் பின் கதவைத் திறந்து இடதுபக்கம் போய் உட்கார்ந்தார்.

நான் சொல்லிவிட்டேன். "வாயத் தொறந்துராதீங்கம்மா" என்று சாம் முதல்நாளே போனில் சொல்லியிருந்தான். இருந்தும் சொல்லிவிட்டேன். மறைத்து விற்ற காசில் காணிக்கை எப்படிப் போடுவது?

அந்த மனிதர் மெதுவாக இறங்கினார். கோபம் இல்லை. "தெரியாம இருந்தா ஒண்ணுமில்லம்மா. தெரிஞ்சு போச்சே. பிள்ளைக்கி வாங்குறது" என்றார். பணத்தைப் பையில் வைத்துக்கொண்டார்.

கண்ணுச்சாமி வாசலில் நின்று, "யம்மா, நீங்க காரு விக்க வந்தீகளா, கோயில்ல சாட்சி சொல்ல வந்தீகளா?" என்றார். "இனி இந்தச் சுத்துவட்டாரத்துல ஒருத்தன் தொட மாட்டான். காயலான் கடைதான்."

இவர் உள்ளே போய் எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டார். சீனி இல்லை. குடித்தேன்.

22.7.2024

பழைய வண்டி உடைக்கிறவர் வந்து பார்த்தார். பத்தொன்பதாயிரம். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிறாராம்.

"ஆகஸ்ட் பத்தொம்பது கழியட்டும்" என்றார் சாமின் அப்பா. "அவட்ட நீ சொல்லீரு. எனக்கு வராது."

எனக்கு மட்டும் வருமா? அவளுக்குப் போய் நிற்க ஒரு கல்லறை இல்லை, படம் மாட்டச் சொந்த வீடு இல்லை. இந்தச் சீட்டு ஒன்றுதான் இருக்கிறது. அதை எடைக்குப் போடப் போகிறோம் என்று எந்த வாயால் சொல்வது?

18.8.2024

நாளை வருவாள். வெண்டைக்காய் வாங்கினேன்.

19.8.2024, திங்கள்

பத்து மணிக்கு வந்தாள். பூ வைத்தாள். சூடம் அணையும்வரை நின்றாள். சோறு போடுமுன் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார வைத்தேன்.

"வண்டியக் குடுக்கப் போறோம் தாயி. சாருக்குக் கண்ணு சரியில்ல. விக்கிறதுக்கு இல்ல, உடைக்கத்தான்."

தண்ணீரைக் குடித்து முடித்தாள். "குடுத்துருங்கக்கா" என்றாள்.

வேறு ஏதோ சொல்ல இருந்தது. செம்பைச் சுற்றிச் சுற்றி வைத்தாள். "கோவிச்சுக்கிட மாட்டீகளே? ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லு."

"இது சீசன் நேரம். அடுத்த வருசக் காலண்டர் மாதிரி ஆல்பம் வந்து ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. ஒரு நா லீவு கேட்டா சூப்பர்வைசர் ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கிட்டுத் திரியுறாரு. நாலு வருசமா நெனக்கேன், இந்தத் தடவ போகாண்டாம்னு. வீட்டுல ஒரு வெளக்கப் பொருத்துனா அவருக்குத் தெரியாதா? ஆனா நீங்க சோறாக்கி வச்சுக் காத்துருப்பீக. சாரு கொடையோட நிப்பாரு. வரலேன்னா, இவளுக்கு நன்றி இல்லைன்னு நெனச்சுருவீகளேன்னுதான்…"

"நீ வருவேன்னுதாம்மா நாங்க வண்டியவே வச்சிருந்தோம்."

அவள் என்னைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள்.

இவர் அடுத்த அறையிலிருந்து, "நாலு வருச இன்சூரன்சு, ஞானஜோதி. கணக்குப் போட்டு வை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. வெண்டைக்காயை இன்னொரு தடவை பரிமாறினேன். போகும்போது அவள் வண்டிப் பக்கம் திரும்பவில்லை. எட்டு வருஷம் யாருக்காக யார் எதை வைத்துக்கொண்டிருந்தோம்?

27.8.2024

லாரி வந்து ஏற்றிப் போனது. பூச்சரம் காய்ந்து சீட்டிலேயே இருந்தது. எடுக்கவில்லை.

3.9.2024

சூலக்கரை ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி. ரத்து செய்ய எழுதிக் கொடுத்தோம். படிவத்தை நானே நிரப்பினேன். எட்டாவதோடு நின்றவள். ஒரு இடத்திலும் அடித்தல் இல்லை. டவுன் பஸ்ஸில் திரும்பினோம். இவருக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது.

30.11.2024

மூன்று மாதத்தில் மிச்சம் நாலாயிரத்து நூறு. நல்லதுதான். முற்றத்தில் இடம் வந்துவிட்டது, கொடி கட்டித் துணி காயப்போடுகிறேன். இரண்டு பேர் துணிக்கு அது அதிகம்.

3.8.2025, ஞாயிறு

இந்த மாதம் என்ன தேதி வருகிறது என்று நான் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. காலையில் பார்த்தேன், குடையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மழைக்கு என்றார். விருதுநகரில் ஆகஸ்டில் என்ன மழை.

முற்றத்துக்குப் போய்க் கொடியடியில் நின்று அழுதேன். ஒன்பது வருஷத்தில் இன்றுதான்.

சொர்ணலட்சுமிக்குப் போனில் எழுதி அனுப்பினேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"சொர்ணலட்சுமிக்கு. நாங்கள் சுகம். 19ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வருகிறது. நீ லீவு போட வேண்டாம். சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்க வேண்டாம். 17ஆம் தேதி ஞாயிறு, ஆலயம் முடிந்து நானும் சாரும் பஸ் ஏறி உன் வீட்டுக்கு வரலாமா? கார் இருந்தவரை ஒரு நாளும் வரவில்லை. நீ வந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம். குழம்பு நான் கொண்டுவருகிறேன், நீ சோறு மட்டும் வடி. எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று சொல். சாருக்குக் கண் சரியாகத் தெரியாது, நான் அந்தப் பக்கம் வந்தது இல்லை. சீக்கிரம் பதில் போடு."