அக்காவுக்கு என் குரல் போகவில்லை

மார்ச் 3, திங்கள்

கண்ணாடிக் கடையில் நல்ல கூட்டம். காலையிலிருந்து ஒரே பாட்டு: "இது தெளிவா, அது தெளிவா?" ஒரு பெரியவர் எந்த லென்ஸைப் போட்டாலும் "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார். குனிந்து பார்த்தால் மனிதர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். வெளிச்சம் கூசுகிறதாம்.

சாயங்காலம் அத்தான் போன் செய்தார். அக்காவின் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். வருகிற இருபதாம் தேதி. கட்டி பரவிவிட்டதால் குரல்வளையை முழுசாக எடுத்தாக வேண்டுமாம். "உயிருக்கு பயமில்ல. பேச்சுதான் இருக்காது" என்றார், கடைக்காரர் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. அழுதுவிடக் கூடாதென்றுதான் அப்படிச் சொன்னார்.

அக்காவுக்குப் பேச்சு இருக்காது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துப் பேசியவள் அவள்.

மார்ச் 4, செவ்வாய்

போனில் அவள் குரல் வெறும் காற்றாகத்தான் வருகிறது. கடல் தாண்டி இருக்கிறவளை நினைத்தவுடன் போய்ப் பார்க்கவும் முடியாது. இரண்டு மாதமாக அவள் பேசுவதை அத்தான்தான் வாங்கி எனக்குச் சொல்கிறார். இப்போது அவரே ஒரு வழி சொல்கிறார். அங்கே லேப்டாப்பில் ஒரு ஹெட்செட்டை மாட்டி, மைக்கை அவள் வாயோடு ஒட்டி வைத்துவிடுவாராம். இண்டர்நெட் வழியாகப் பேசினால் என் பக்கம் சத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக் கேட்கலாம். நல்ல யோசனைதான். என் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்பதுதான் இடிக்கிறது. பேசுகிற சாஃப்ட்வேரை அதில் ஏற்றுவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது.

லினக்ஸைப் போட்டுக் கொடுத்தவர் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். இன்று பிடித்துக் கேட்டேன். "வைரஸ் வராதுன்னுதான் மேடம் சொன்னேன். சத்தம் வரும்னு சொன்னேனா?" என்கிறார். அவரை என்ன செய்ய!

மார்ச் 5, புதன்

வந்துவிட்டது! அக்கா குரல் வந்துவிட்டது!

சத்தத்தை முழுக்க ஏற்றி, ஸ்பீக்கரோடு காதை ஒட்டிக்கொண்டு கேட்டேன். கரகரவென்று, மூச்சுக்கு நடுவில், ஆனால் அவள்தான். "ஏய் கண்ணாடி, இருக்கியாடி?" நான் இந்தக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு நான் கண்ணாடி.

இருக்கேன், இருக்கேன் என்று கத்துகிறேன். அவள் பாட்டுக்கு "இருக்கியா, இருக்கியா" என்கிறாள். என் குரல் போகவே இல்லை. "நான் பேசறதே எனக்குத் திரும்பி வருது. உன் சத்தத்தையே காணோம்" என்றாள். கடைசியில் எழுத்தில் தட்டினேன்: நாளைக்குச் சரி செய்துவிடுகிறேன்.

மார்ச் 6, வியாழன்

சரியாகவில்லை.

மார்ச் 8, சனி

அவள் பேசுகிறாள், நான் தட்டுகிறேன். இப்படியே ஓட்டிவிடலாமே என்று எழுதினேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் தட்டச்சு யாருக்குடி வேணும்? ஒரு நல்ல சண்டை போடணும் உன்கூட. நான் பேசும்போது நீ நடுவுல புகுந்து கத்தணும். அதுக்கு ரெண்டு பேருக்கும் வாய் வேணும்ல?"

போனில் நான் பேச, கம்ப்யூட்டரில் அவள் பேச என்று ஒரு தடவை முயன்று பார்த்தோம். அவள் பேச்சு பின்னால் தங்கித் தங்கி வந்தது. நான் பதில் சொல்லி முடித்த பிறகு அவள் கேள்வி வந்து சேர்ந்தது. போனும் மைக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் வீலென்று ஒரு கூச்சல் வேறு. "வேணாம், தலை வலிக்குது" என்று போனை வைத்துவிட்டாள்.

சண்டைதானே கேட்கிறாள். நாற்பது வருஷமாக இலவசமாகக் கொடுத்ததுதானே. அதைக்கூடக் கொடுக்க முடியவில்லை என்னால்.

மார்ச் 10, திங்கள்

லினக்ஸ்காரர்கள் கூடுகிற ஒரு இணையதளத்தில் என் பிரச்சினையை எழுதிப் போட்டேன். ஒருவர், இதெல்லாம் ஏற்கெனவே இங்கே இருக்கிறது, தேடிப் படியுங்கள் என்று விரட்டினார். இன்னொருவர், வேறு லினக்ஸ் போடுங்கள் என்றார். வீட்டு ஓடு ஒழுகுகிறது என்றால் வேறு ஊருக்குப் போ என்கிற மாதிரி.

'நட்டுபோல்ட்' என்று பேர் வைத்துக்கொண்டிருக்கிற ஒருவர் மட்டும் மனுஷனாகப் பதில் போட்டார். முதலில் எல்லாவற்றையும் அப்டேட் செய்யுங்கள், பிறகு பார்ப்போம் என்றார். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 12, புதன்

ஐயோ, இருந்ததும் போச்சு. அப்டேட் முடிஞ்சு திறந்தா சத்தமே இல்ல. என்னுதும் இல்ல, அக்காவோடதும் இல்ல. எதுக்கு இதைத் தொட்டேன்? நல்லா கேட்டுட்டிருந்ததைப் போய் யாராவது நோண்டுவாங்களா? அத்தான் எழுதினார்: "அவ பேசிட்டே இருக்காம்மா. உனக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை அத்தான்.

மார்ச் 13, வியாழன்

கடையில் ஒரு அம்மாவுக்கு இடது கண் பவரை வலதுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். லென்ஸ்காரர் பார்த்துப் பிடித்தார். டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தார்.

மார்ச் 15, சனி

சத்தம் திரும்பி வந்துவிட்டது. நேற்று பூராவும் போராடி, அப்டேட்டுக்கு முந்தைய நிலைக்கே கொண்டுபோய்விட்டேன். அதாவது அக்கா எனக்குக் கேட்கிறாள், நான் அவளுக்குக் கேட்கவில்லை. பழைய குருடி கதைதான்.

நட்டுபோல்ட் சொல்கிறார்: பேசும்போதே ரெக்கார்டரை ஓடவிடுங்கள், மைக் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். ஓடவிட்டேன். அக்கா ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் வழி தவறிப் பிரசவ வார்டுக்குள் போய்விட்டாளாம். அங்கே ஒரு நர்ஸ் இவள் வயிற்றைப் பார்த்து "எத்தனை மாசம்?" என்றாளாம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள். நான் பாதிதான் கேட்டேன். திரையில் ரெக்கார்டரின் பச்சைக் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதிலேயே என் கண் இருந்தது.

பிறகு போட்டுக் கேட்டால் அவள் குரல் மட்டும்தான் இருக்கிறது. நான் நடுவில் கத்தியது ஒரு சொல்கூட இல்லை. எரிச்சலில் அழித்தேன். மறுபடி பதிவு செய்தேன். மறுபடி அவள்தான். அதையும் அழித்தேன். மூன்றாவதும் அப்படியே. குப்பைத்தொட்டியையும் சேர்த்துக் காலி செய்துவிட்டு எழுந்தேன்.

அவளுக்குத் தட்டினேன்: குரலை வீணாக்காதே, சரியான பிறகு ஆற அமரப் பேசலாம்.

மார்ச் 17, திங்கள்

நாளைக்கு அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அந்த வார்டில் இண்டர்நெட் கிடையாது. அதனால் இன்றுதான்.

அவள் வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லு என்று தட்டினேன். சொன்னாள். வேறு மைக்கைச் சொருகினேன். மறுபடி சொல்லு. சொன்னாள். "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் கேட்க வேண்டிய கேள்வியை. "கண்ணாடி, விடுடி. கொஞ்சம் சும்மா இரு. நான் ஒண்ணு சொல்றேன்..." என்றாள். இரு, இதோ ஆச்சு, ஒரே நிமிஷம் என்று தட்டிவிட்டு சாஃப்ட்வேரை மூடித் திறந்தேன். திறந்து வருவதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. அத்தான் எழுதினார்: "போதும்மா. அவளால முடியல."

என்ன சொல்ல வந்தாள்?

மார்ச் 19, புதன்

கோளாறு தெரிந்துவிட்டது.

நட்டுபோல்ட் காலையில் கேட்டார்: "அந்தப் பதிவுகள்ல யார் குரல் இருக்கு?" என் அக்கா குரல்தான், என் குரல் இல்லை என்று எழுதினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் மைக்கை விட்டுவிட்டு ஸ்பீக்கரில் வருவதைத்தான் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் அவளுக்கு அவள் குரலே திரும்பிப் போயிருக்கிறது. சத்த அமைப்பில் ஒரு சின்னப் பட்டியலைத் திறந்து, ஸ்பீக்கரை எடுத்துவிட்டு மைக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான். செய்தேன். என் குரல் பதிவானது.

உறுதி செய்துகொள்ள அந்தப் பழைய பதிவு ஒன்றை அனுப்ப முடியுமா என்று கேட்டார். அழிச்சுட்டேன் என்று தட்டினேன். தட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன் அந்தச் சொல்லை.

மூணு பதிவு. மூணுலயும் அவ சிரிச்சா. என் குரல் இல்லைன்னு அவ குரலைத் தூக்கிக் குப்பையில போட்டேன். பாவி. நாளைக்கு அவளுக்குக் குரலே இல்ல, இன்னைக்கு எனக்கு மைக் வேலை செய்யுது.

லென்ஸ்காரர் மதியம் வீட்டுக்கே வந்து, அழித்த பதிவுகள் எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். ரொம்ப நேரம் தேடினார். "நான் இந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டிருக்கவே கூடாது மேடம்" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

மார்ச் 20, வியாழன்

எடுத்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறாளாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. இன்று காலை வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கூப்பிட்டேன். "அக்கா" என்றேன். உடனே திரையில் எழுத்து வந்தது: "அடேயப்பா. எவ்ளோ சத்தம். காது கிழியுது." முதல் தடவையிலேயே போய்விட்டது என் குரல்.

அழுதேன். அழாதேடி, மைக் நனைஞ்சா மறுபடி கெட்டுப்போகும் என்று எழுதினாள்.

அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன். நினைவில்லை என்று எழுதினாள். நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவளே கேட்டாள்: "ரெக்கார்ட் பண்ணினியாமே. அதைப் போடு. நான் எப்படி இருந்தேன்னு கேக்கணும்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம், பதிவாகவில்லை என்று சொல்லியிருக்கலாம். அழித்துவிட்டேன் என்றுதான் சொன்னேன். ஏன் அழித்தேன் என்பதையும் சொன்னேன். எழுதுகிறாள் என்று திரையில் காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறாள். மறுபடி நின்றது.

"சரி விடு. அதுவும் நல்ல குரல் இல்ல. கரகரன்னு. நம்ம ரெண்டு பேர் குரலும் ஒண்ணுதானே. கல்யாணமான புதுசுல உங்க அத்தான் போன்ல நீன்னு தெரியாம உன்கிட்ட கொஞ்சினாரே. நீ பேசு. கேட்டுட்டு இருக்கேன்."

என்ன பேசுவது? எப்போதும் நான் கேட்கிறவள், குறுக்கே புகுகிறவள். கண்ணை மூடிக்கொண்ட பெரியவரைப் பற்றிச் சொன்னேன். மாடி வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஊருக்குப் போனதைச் சொன்னேன். அவளை மாதிரியே கையை ஆட்டிக்கொண்டு பேசுகிறேன் என்று நடுவில்தான் கவனித்தேன். திரையில் எழுத்து நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. போதும், வைக்கட்டுமா என்றேன்.

அத்தான் எழுதினார்: "அவ தூங்கிட்டாம்மா. ஹெட்செட்டை நான் மாட்டியிருக்கேன். வெச்சுடாதே, இன்னும் கொஞ்ச நேரம் பேசு."

பேசினேன்.