கண்டல் காய்க் கட்டு

வாவிக்கரையில் பிள்ளைகள் கண்டல் நடுகிறார்கள் என்று, இளைப்பாறிய டீச்சர் என்று என்னையும் இன்று கூப்பிட்டிருந்தார்கள். உரப்பை நிறையக் கண்டல் காய்கள். பையை அவிழ்த்ததும் வந்த உப்புச் சேற்று மணத்தில் எனக்கு உன் புத்தகப்பை நினைவுக்கு வந்துவிட்டது. தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லி வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நீ கண்ணை மூடி இரண்டு வருடம். நீ இருக்கும்போது வாய் திறக்காதவள் இப்போது எழுதி என்ன என்று நீ கேட்கமாட்டாய். நான்தான் கேட்கிறேன்.

அன்று உன் பையில் இருந்த காய்களைக் கேட்டவள் நான். சண்டைக் காலம். ஒரே பள்ளிக்கூடத்தில் இருவரும் விஞ்ஞானம் படிப்பித்தோம். நான் புத்தகத்தில் பார்த்ததை, பெரியகல்லாற்றில் பிறந்த நீ சேற்றில் நின்று பார்த்தவள். "உப்புத் தண்ணிக்குள்ள வெறும் வித்து விழுந்தா தப்பாது புள்ள. அதுதான் தாய்மரம் கொப்பிலயே முளைக்க வெச்சு, நீட்டா வளர்ந்த மறுகாதான் கீழ விடும். சேத்துல குத்தி நிண்டா அங்கேயே வேர் விடும், இல்லாட்டி மிதந்துபோய் வேற கரையில முளைக்கும்" என்றாய். பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும், கொண்டுவா என்றேன். "ஓம், கொண்டாறன்" என்றாய்.

மறுநாள் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் இருந்து வந்தாய். ஆமிச் சென்றியில் சோதனைக்கு எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். உன் பையிலிருந்து அந்தக் கட்டை ஆமிக்காரன் உருவினான். முழங்கை நீளம், நுனி கூர், பழைய பேப்பரில் சுற்றிக் கயிறு கட்டியது. "மரத்துட காய், படிப்பிக்க" என்று நீ தமிழில் சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

நான் வாழைச்சேனைக் கடதாசி ஆலை விடுதியில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள். சிங்களத்தில் நான் ஒரு வசனம் சொன்னால் போதும். உன் பார்வையைக் கண்டு, நான் உன்னோடு வந்தவளா என்று அவன் என்னிடம் கேட்டான்.

"நெஹெ" என்றேன். இல்லை.

அந்த ஒரு சொல் உனக்கும் விளங்கியது. உன்னை அங்கே நிறுத்திவிட்டு பஸ் புறப்பட்டது. நான் ஏறி இருந்தேன். வெட்கம்கெட்டவள், இரண்டாம் பாடத்துக்குப் போய்க் கரும்பலகையில் கண்டல் காயைக் கீறி, தாய்மரம் அதை எவ்வளவு காலம் தாங்குகிறது என்று படிப்பித்தேன். "டீச்சர், நிசக் காய் காட்டுறன் எண்டீங்களே?" என்று ஒருத்தி கேட்டாள். மறந்துவிட்டேன் என்றேன்.

மூன்றாம் நாள் வீங்கிய கன்னத்தோடு வந்தாய். "இவ உன்னோடதானே வாறவ, சிங்களமும் தெரியும், சொல்லியிருக்கலாமே?" என்று ஆசிரியர் அறையில் என்னைக் காட்டி உன்னிடம் கேட்டார்கள். நான் வாய் திறக்கமுன், "அண்டைக்கு அவ முந்தின பஸ்ஸில போயிட்டா" என்றாய். நான் குனிந்து கொப்பி திருத்தினேன். அன்று மத்தியானமும் உன் சோற்றுப் பெட்டியை என் பக்கம் தள்ளினாய். ஒரு நாளாவது நீ என்னை ஏசியிருக்கலாம்.

அதன்பிறகு நான் சிங்களம் பேசவில்லை. அரசாங்கக் கந்தோர்களில் அந்தப் பாஷை தெரியாதவள்போல் நின்றேன். சனம் அதற்குத் தமிழ்ப்பற்று என்று பெயர் வைத்தது. என் பிரியாவிடையில் அதிபர் அதையே மேடையில் புகழ்ந்து மாலை போட்டார். கழுத்தை நீட்டினேன். முன் வரிசையில் இருந்து நீயும் கை தட்டினாய்.

நான் கடைசியாகப் பேசிய சிங்களச் சொல் எதுவென்று அந்த மண்டபத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இப்போது நான் ஒருத்திதான்.