ஷியான் மதிலில் மாமா ஏறிய வைபவம்

ஷியான், சீன தேசம்
19.10.1996

அன்புள்ள ஹரிதா கண்ணுவுக்கு,

சூலூர் பவுண்டரி அதிபரும், மோட்டார் பம்பு மன்னரும், உன் அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பியுமான சென்னகேசவன், சீனச் சக்கரவர்த்திகளின் பழைய தலைநகரத்திலிருந்து எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் அந்த பெங்களூர் ஹாஸ்டல் சாம்பாரை மீறி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் பண்ணலாமே என்பாய். மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு எனக்குக் கதை சொல்ல வராது. நம் வீட்டில் பேசுவது தெலுங்கு, எழுதத் தெரிந்ததோ தமிழ். பேச்சைவிட எழுத்தில்தான் உன் மாமன் சூரன்.

கூட வந்த பம்பு முதலாளிகள் எல்லாரும் இன்றைக்கு மோல்டிங் மெஷின் பார்க்கப் போய்விட்டார்கள். இரும்பைப் பார்க்கவா இமயமலையைத் தாண்டி வந்தேன்? ஓட்டலில் சொல்லி எனக்கென்று தனியாக ஒரு கார், ஒரு டிரைவர், ஒரு வழிகாட்டி ஏற்பாடு செய்துகொண்டேன். ஒரு நாள் பூராவும் ஊர் எனக்கு மட்டும். வழிகாட்டியின் பெயர் மிஸ் வென். உன் வயது, உன்னில் முக்கால் உயரம், உன்னைப்போலவே வாய். கையில் குச்சியில் கட்டிய மஞ்சள் கொடி. கூட்டத்தில் ஆள் தொலையாமல் இருக்கப் பிடிப்பதாம்.

"நான் ஒருத்தன்தானே அம்மணி, எனக்கெதுக்குக் கொடி?" என்றேன்.

"அதுதான் விதி, சார்" என்றாள். காலையிலிருந்து கொடிக்குப் பின்னால் ஒரே ஆள் படையாக ஊர்வலம் போனேன். ஷியானே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது.

முதலில் மணிக்கூண்டு. அங்கிருக்கிற மணியை வார்த்தவன் இன்று இருந்தால் அழைத்து வந்து நம் பவுண்டரியில் ஃபோர்மேன் ஆக்கியிருப்பேன். அடித்தால் சூலூர் வரைக்கும் கேட்கும். மத்தியானம் முஸ்லிம் தெருவில் ஆட்டுக்கறிச் சாறு. ரொட்டியை நாமே நகத்தளவு பிய்த்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தால்தான் சமையற்காரர் சாறு ஊற்றுவார். நான் பிய்த்ததைப் பார்த்துவிட்டு மிஸ் வென், "இது குதிரைக்கு, சார்" என்று கிண்ணத்தைத் திருப்பித் தந்தாள். மறுபடி பிய்த்தேன். பவுண்டரியில் என்னை இப்படி மிரட்டின ஆள் கிடையாது.

பிறகு மதில். ஊர் உலகம் பேசுகிற அந்த நெடுஞ்சுவர் இல்லை, இது ஊரைச் சுற்றின கோட்டை மதில். அகலம் நம் அவிநாசி ரோடு. படிகளைப் பார்த்தால் மருதமலைப் படியெல்லாம் கைக்குழந்தை. ஒரே மூச்சில் ஏறினேன். மிஸ் வென் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள், பாவம். மேலே நின்று பார்த்தால் என்ன காட்சி! ஒரு சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்குகிறார், பஞ்சர் இருக்கிற இடத்தில் கடுகு கடுகாய்க் குமிழி வருகிறது. தக்காளி மாதிரி இருக்கிற சீமைப் பனிச்சைப்பழம் விற்கிற அம்மாளுக்கு ஒரு தங்கப் பல். கோபுரக் கூரையின் அடிப்பக்கத்தில் ஒரு குருவிக்கூடு. மதில் மேல் போகிறவர்களெல்லாம் பொம்மலாட்டம் மாதிரி இடுப்புக்கு மேலே மட்டும் நடந்து போகிறார்கள். எனக்கு ஒரு மூங்கில் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். ராஜ மரியாதை. வெயில் சாயும்வரை சக்கரவர்த்தியாக அமர்ந்திருந்தேன்.

அது கிடக்கட்டும். கல்யாணத் தேதி முடிவானதா? நம் வழக்கப்படி உன்னை மூங்கில் கூடையில் உட்காரவைத்துத் தாய்மாமன் மணவறைக்குத் தூக்கி வரவேண்டும். எங்கள் சித்தப்பா மகன் வெங்கடபதி, "நானும் அவளுக்கு மாமன்தானுங்ணா, ஒரு பக்கம் புடிக்கிறேன்" என்று ரொம்ப நாளாய்க் கேட்கிறான். கூடைக்குக் கிட்டே வந்தால் கையை ஒடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ கவுன் போட்ட காலத்தில் உனக்குக் கொடுத்த வாக்கு: ஒற்றை ஆளாய்த் தூக்குவேன். நீ ஹாஸ்டலில் போளி தின்பதை மட்டும் குறைத்துக்கொள்.

களைப்பாக இருக்கிறது கண்ணு. சீனத்துத் தலையணை செங்கல் மாதிரி. படுக்கிறேன்.

இப்படிக்கு,
மதிலேறிய மாவீரன், உன் அருமை மாமன்
சென்னகேசவன்

*

பெங்களூர்
9.11.1996

அன்புள்ள மாமாவுக்கு,

ஹரிதா வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் ஊர் வந்து சேர்ந்து பத்து நாள் கழித்து உங்கள் சீனக் கடிதம் வந்தது. அறைத்தோழி கோமளாவுக்குப் படித்துக் காட்டினேன். "உங்க மாமா சொல்றதுல பாதியாவது நெசமாடி?" என்று கேட்டாள். கால்வாசி இருக்கும் என்றேன். தப்பில்லையே?

தேதி முடிவாகிவிட்டது மாமா. தை மாதம், கோயமுத்தூரில்தான். கூடைக்கு அம்மா உக்கடத்தில் சொல்லிவிட்டார்கள். கூடை முடைகிறவர், "பொண்ணு என்ன கனமுங்க இருக்கும்?" என்று கேட்டாராம். "தூக்கறது எந்தம்பிங்க. பொண்ணு கனம் உங்களுக்கெதுக்கு?" என்றார்களாம் அம்மா. போனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆனால் சீனாவிலிருந்து வந்தவர் அக்கா வீட்டை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை என்று அவர்களுக்கு மனத்தாங்கல். சூலூருக்கும் துடியலூருக்கும் நடுவில் இமயமலை எப்போது முளைத்தது மாமா?

போளி நிறுத்திவிட்டேன். உங்களுக்காக.

அன்பு மருமகள்
ஹரிதா

*

சூலூர்
16.11.1996

அன்புள்ள ஹரிதாவுக்கு,

மாமன் ஆசீர்வாதம். தேதி கேட்டு மகிழ்ச்சி. பவுண்டரியில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஐரோப்பா முழுவதற்கும் பம்பு நான்தான் அனுப்ப வேண்டும் போலிருக்கிறது. அதனால்தான் அக்காவைப் பார்க்க வரவில்லை. வேறொன்றுமில்லை.

கூடை விஷயமாக ஒரு யோசனை. இந்தக் காலத்து மூங்கிலை நம்ப முடிவதில்லை. தூக்குகிறவன் பலசாலியாக இருந்தால் மட்டும் போதாது, இளவட்டமாகவும் இருக்க வேண்டும். நம் உதய் இப்போது காலையும் மாலையும் ஜிம்முக்குப் போகிறான். கை ஒவ்வொன்றும் தூண். அவனே தூக்கட்டுமே? மகன் தூக்கினால் அப்பன் தூக்கின மாதிரிதானே? நான் முன்னால் மஞ்சள் கொடி பிடித்துக்கொண்டு வருகிறேன். மிஸ் வென் கிளம்பும்போது அதை எனக்கே கொடுத்துவிட்டாள். மேஜை மேல் பேனா ஸ்டாண்டில் நிற்கிறது. பவுண்டரி ஆட்கள் நான் ஏதோ கட்சி ஆரம்பித்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள்.

மாடி அறையை உதய்க்குக் கொடுத்துவிட்டுக் கீழே ஹாலில் கட்டில் போட்டுக்கொண்டேன். இங்கே காற்று நன்றாக வருகிறது.

அத்தை உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். நிறைய எழுத நினைத்தேன், கை ஓய்ந்துவிட்டது.

இப்படிக்கு,
மாமா
சென்னகேசவன்

*

பெங்களூர்
22.11.1996

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

உதய் எனக்கு முறைப்பையன் மாமா. கட்டிக்கொள்கிற முறையில் இருப்பவன் என்னைக் கூடையில் தூக்கிக்கொண்டு மணவறைக்கு வந்தால், அங்கே உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளை எழுந்து தன் ஊர் ஓசூருக்கே போய்விடுவார். இது உங்களுக்குத் தெரியாதா? சீரில் ஒரு தட்டு முன்பின்னாய்ப் போனால் பந்தியிலிருந்து எழுந்துகொள்கிறவர் நீங்கள். உங்களுக்கே முறை மறந்துபோனது என்றால், வேறெதையோ நினைத்துப் பயந்துகொண்டே எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் சீனக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். மதிலுக்கு மேலே நிற்கிறவருக்குப் பஞ்சர் டியூபில் வருகிற குமிழி தெரியுமா? பழக்காரம்மாளின் தங்கப் பல் தெரியுமா? கூரையின் அடிப்பக்கம் அண்ணாந்து பார்க்கிறவருக்குத்தான் தெரியும். மதில் மேல் நடக்கிறவர்கள் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தது, கைப்பிடிச் சுவர் அவர்கள் காலை மறைத்ததால். நீங்கள் பார்த்ததெல்லாம் கீழேயிருந்து மாமா. மதிலடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடி. நீங்கள் ஏறவே இல்லை.

இப்போது மாடியும் ஏறுவதில்லை. உங்கள் அக்கா வீட்டு வாசலுக்கு ஏழு படி. அதனால்தான் அங்கேயும் போகவில்லை.

என்ன செய்கிறது உங்களுக்கு? அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. கூடை போனால் போகட்டும், நான் நடந்தே மணவறைக்கு வருகிறேன். என்னிடம் மட்டும் மறைக்காதீர்கள். பதில் வராவிட்டால் அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறிவிடுவேன்.

ஹரிதா

*

சூலூர்
27.11.1996

கண்ணு,

பஸ் ஏறாதே. லீவைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்.

நீ எழுதினதெல்லாம் சரி. நாலைந்து படி ஏறினேன். நெஞ்சின் மேல் யாரோ மண் அடைத்த மோல்டிங் பெட்டியை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மிஸ் வென் பயந்துபோனாள். டிரைவரைக் கூப்பிட்டு இரண்டு பேருமாய் என்னைக் கீழே கொண்டுவந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்றேன். நான் சொன்னால் நாலு பேர் நம்புகிற மாதிரித்தான் சொல்வேன், உனக்குத் தெரியுமே.

"நீ மேலே போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு அம்மணி, நான் கேட்டுக்கறேன்" என்றேன். அவள் போகவில்லை. "இன்றைக்கு என் குழு நீங்கள் ஒருவர்தான் சார். குழு எங்கேயோ அங்கேதான் கொடி" என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தில் மதில் செங்கல் இடுக்கில் அந்த மஞ்சள் கொடியைச் செருகினாள். தரையில் உட்கார்ந்து அந்த மதிலை யார் கட்டினார்கள், யார் முற்றுகையிட்டார்கள், எல்லாம் அங்கேயே சொன்னாள். பழக்காரம்மாளைக் கூப்பிட்டு எனக்குப் பழம் உரித்துக் கொடுக்கச் சொன்னாள். பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு அந்த ஆளும் கதை கேட்டார், அவருக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. நான் எங்கேயும் போகவில்லை கண்ணு. ஊர்தான் என்னைத் தேடி வந்தது. அது பொய்யில்லை.

இங்கே வந்து டாக்டரைப் பார்த்தேன். வால்வு ஒழுகுகிறது என்றார். முப்பது வருஷமாய்ப் பம்புக்கு வால்வு பண்ணுகிறவனிடம் சொல்கிறார்! ஆபரேஷன் உடனே வேண்டும் என்றார். தை போகட்டும், மாசியில் என்ன வேண்டுமானாலும் கழற்றிக்கொள்ளுங்கள் என்றேன். ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம். நீ போளியை நிறுத்தினாலும் ஒரு குடத்துக்குள் அடங்கமாட்டாய்.

நீ நடந்து வரவேண்டாம். என் அக்கா மகள் நடந்து மணவறைக்கு வந்தாள் என்று ஊர் சொல்ல நான் உயிரோடு இருக்கும்வரை விடமாட்டேன். நேற்று வெங்கடபதி வீட்டுக்குப் போனேன். அவன் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சீனாவைப் பற்றி ஒரு மணி நேரம் அளந்தேன். கடைசியில், "கூடைக்கு நீயும் உன் தம்பியும் வாங்கடா" என்றேன். தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தான். "கை ஒடிக்க மாட்டீங்களே?" என்றான். பிறகு, "இதக் கேக்கறதுக்கு சீனாவச் சுத்திட்டு வரணுமாங்ணா?" என்று உள்ளே போய் எனக்கு மோர் கொண்டுவந்தான். அவன் கண் சிவந்திருந்தது. தண்ணீர் தெறித்திருக்கும்.

நாளைக்குத் துடியலூர் போய் அக்காவிடம் நானே சொல்லிவிடுகிறேன். ஏழு படியையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிக்கொள்கிறேன்.

கல்யாணத்தன்று வெங்கடபதியும் அவன் தம்பியும் தூக்கி வருவார்கள். மணவறைப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கூடை என்னிடம் வந்ததும் அதன் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொள்வேன், இறக்கும்வரை விடமாட்டேன். பிற்காலத்தில் யார் கேட்டாலும் மாமா ஒற்றைக் கையால் தூக்கினார் என்றே சொல்லு. கை ஒன்று இருக்கும் அல்லவா, அந்த மட்டுக்கு உண்மை.

அன்றைக்குக் கூட்டம் இருக்கும். கூடைக்குள் இருந்தால் உனக்கு ஆள் முகம் சரியாகத் தெரியாது. நாற்காலியில் மஞ்சள் கொடியைக் கட்டிவைக்கிறேன். பார்த்துக்கொண்டே வா.

மதில் ஏறாத
மாமா