தலையணைக்குள் இருந்த தாயத்து

சைகோன், 1953

உம்மாவுக்கு மகன் சேக் பரீது சலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம், உங்கள் மூச்சிரைப்பு தணிந்ததா?

கோபிக்காதீர்கள், நீங்கள் தைத்துத் தந்த இலவம்பஞ்சுத் தலையணையைப் பிரித்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டூடியோவின் முதுகுப்பையில் லென்சுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. அந்தப் பஞ்சால் பைக்குள் மெத்தை தைத்து, ஒவ்வொரு லென்சுக்கும் ஓர் அறையாகத் தடுத்தேன். தலையணைக்குள் நீங்கள் ஒளித்து வைத்திருந்த தாயத்தைப் பெரிய லென்சின் அறையில் வைத்தேன்.

நேற்று பையோடு நான் போன ரிக்‌ஷா கவிழ்ந்தது. எனக்கு முழங்கையில் லேசான சிராய்ப்பு, லென்சுகளுக்கு ஒன்றுமில்லை. முதலாளி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இனிமே கல்யாணத்துக்கெல்லாம் நீயே போய்ப் படம் எடுப்பா" என்றார். இதுவரை பை தூக்கத்தான் போனேன்.

ஜெய்னுலாபுதீன் மாமா இந்தக் கடிதத்தோடு காரைக்காலுக்குப் புறப்படுகிறார், கப்பலுக்கு நேரமாகிவிட்டது. அவர் திரும்பும்போது ஒரு தலையணை கொடுத்தனுப்புங்கள். உறை உங்கள் பழைய சேலையில் இருக்கட்டும், புதுத்துணியில் தூக்கம் வருவதில்லை. தாயத்தை மறக்காதீர்கள். இந்த முறை அது எனக்கு.